லிப்டில் ஏறிய மாசிப்பச்சை

கடவுள் மலையைப் படைத்தபோது அதில் லிப்ட் வைக்க மறந்துவிட்டார் என்று மனதார நம்பும் மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் பினாங்கில், ஜெலுத்தோங்கில், எங்கள் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் குடியிருக்கிறார். பெயர் லிப்ட் அண்ணன். அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கக்கூடும். அதை அவர் மனைவியே மறந்திருப்பார்.

வாழ்நாள் முழுக்க லிப்ட் பழுதுபார்த்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். காது மட்டும் இன்னும் டியூட்டியில் இருக்கிறது. கீழே கோப்பிக் கடையில் நம்மோடு உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருப்பார். திடீரென்று ரொட்டி சானாயைப் பிய்த்த கையை உயர்த்துவார்.

"ஷ்ஷ்... ரெண்டாவது லிப்ட். பதினோராம் மாடிகிட்ட இருமுது."

மறுநாள் அந்த லிப்ட் பதினோராம் மாடியில் படுத்துவிடும்.

மனிதர்களையும் அதே காதால்தான் எடைபோடுவார். நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் என் கட்டுரை ஒன்றைக் கேட்டு வாங்கிப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். "நல்லாத்தான் ஏறுது தம்பி. எந்த மாடியில கதவு திறக்கும்னுதான் தெரியல" என்றார். இதைவிட நேர்மையான விமர்சனம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

"இவ்வளவு லிப்ட் பைத்தியம் புடிச்சவரு ஏன்ணே தரையில வீடு வாங்குனீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கீழ இருந்தாத்தான் தம்பி மேல போக முடியும். மேலயே இருந்துட்டா அப்புறம் என்னா இருக்கு வாழ்க்கையில?"

இப்படிப்பட்டவர் ஒரு நாள் கேமரன் மலைக்கு ஏதோ பழைய தங்கும் விடுதியின் லிப்டைப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது காரின் முன் இருக்கையில் ஈரத்துண்டு போர்த்திய ஒரு தொட்டி உட்கார்ந்திருந்தது, சீட் பெல்ட் போட்டுக்கொண்டு. பின் இருக்கையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கியதில் அக்காவின் முகம் பச்சையாக இருந்தது. தொட்டியிலிருந்ததும் பச்சைதான். ஆனால் அது தெம்பாக இருந்தது.

மாசிப்பச்சை. மாலை கட்டுகிறவர்கள் ரோஜாவுக்கும் சம்பங்கிக்கும் நடுவில் வாசனைக்காகச் சொருகுவார்களே, அந்த இலை. மலைக்காட்டுப் புதர்ச்செடி. இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் சாம்பல் பூசிய மாதிரி வெள்ளை. கசக்கி முகர்ந்தால் கற்பூரமும் காய்ந்த புல்லும் கொஞ்சம் கசப்பும் கலந்து மூக்கின் உச்சிவரை போகும். சாமந்திக்கும் சூரியகாந்திக்கும் இது பங்காளி முறை என்று நான் எங்கோ படித்திருந்ததைச் சொல்லி வைத்தேன். படித்ததை வாயை மூடிக்கொண்டு வைத்திருக்க வேண்டும். "அப்போ பூக்கும்!" என்று லிப்ட் அண்ணன் குதித்தார். சூரியகாந்தியின் பங்காளி பூத்தால் எப்படி இருக்கும் என்று அன்றே கற்பனை செய்ய ஆரம்பித்துவிட்டார்.

அந்த வாரம்தான் அவருடைய ஒரே மகள் கஸ்தூரிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கஸ்தூரி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இன்ஜினியர். மாப்பிள்ளை சுங்கை பாக்காப்பில் ஆசிரியர். லிப்ட் அண்ணன் கோப்பிக் கடையில் எழுந்து நின்று அறிவித்தார்: "என் மக கழுத்துல விழற மாலையில நான் என் கையால வளர்த்த மாசிப்பச்சை இருக்கும்."

"அப்பா, லிட்டில் இந்தியாவுல கட்டுக் கட்டா விக்கிறாங்க லா" என்றாள் கஸ்தூரி.

"அது யாரு வளர்த்ததோ."

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் அக்காவுக்கும் கல்யாணம் நடந்த அன்று காலையில் கோயிலுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஆட்கள். மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு ஓடிவிட்டார். அவர் கிரீஸ் கையோடு திரும்பி வருவதற்குள் பினாங்கு வெயிலில் மாலையின் ரோஜாவெல்லாம் உதிர்ந்து, மல்லிகை பழுப்பாகி, மணவறையில் மணப்பெண் மட்டும் தனியே.

"அந்த மாலையில கடைசி வரைக்கும் வாசனை அடிச்சது இந்த இலை ஒண்ணுதான்" என்றார் அக்கா. "அதை மோந்துகிட்டே உக்காந்திருந்தேன். இல்லாட்டி அப்பவே எழுந்து பெர்ரி புடிச்சி பட்டர்வொர்த்துல எங்கப்பா வீட்டுக்குப் போயிருப்பேன்."

"அந்த இலைக்கு நான் கடன்பட்டவன்" என்றார் லிப்ட் அண்ணன்.

"நான் ஏமாந்ததுக்கும் அந்த இலைதான் காரணம்" என்றார் அக்கா.

ஆக, மாசிப்பச்சை அந்தக் குடும்பத்தின் குலதெய்வத்துக்குச் சற்றே கீழான இடத்தில் இருந்தது. அதற்கு ஏற்ற உபசாரம் தொடங்கியது.

மலைச்செடி. மலை என்றால் உயரம். உயரம் என்றால் குளிர். குளிர் வேண்டுமென்றால் மேலே போக வேண்டும். மேலே போக என்ன இருக்கிறது? லிப்ட்! லிப்ட் அண்ணனின் தர்க்கத்தில் ஓட்டையே கிடையாது. அறிவுதான் சில இடங்களில் கசியும். தினமும் மாலையில் செடியைக் கடைசி மாடிக்குக் கொண்டுபோய் இருட்டும்வரை காற்று வாங்க வைத்துவிட்டு இறக்கினார். தொட்டி கனம். அதற்காகக் கஸ்தூரி குழந்தையாக இருந்தபோது வாங்கிய தள்ளுவண்டியைப் பரணிலிருந்து எடுத்தார். செடி வண்டியில் சாய்ந்தபடி, ஈரத்துண்டு போர்த்தியபடி, லிப்டில் ஏறியது.

முதல் நாள் நாலாம் மாடிச் சீன ஆன்ட்டி லிப்டுக்குள் வந்தார். எங்கள் கட்டடத்திலேயே சுத்தக்காரி. நடைபாதையில் யார் பிளாஸ்டிக் பையைப் போட்டாலும் திட்டிக்கொண்டே பொறுக்குகிற பெண்மணி. தள்ளுவண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கொஞ்சுவதற்கு இரண்டு விரல்களை நீட்டிக்கொண்டு, துண்டை விலக்கினார். ஒரு நிமிடம் செடியையும் லிப்ட் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மலாயில், "உங்க மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

செடி லிப்ட் கதவில் இடித்து நுனி முறிந்து கீழே விழும். ஆன்ட்டி அதையும் குப்பையென்று பொறுக்குவார். "ஒவ்வொரு நாளும் சம்பா போடுறீங்க!" சம்பா என்றால் குப்பை. லிப்ட் அண்ணன் பணிவாக மன்னிப்புக் கேட்பார், ஆன்ட்டியிடமல்ல, செடியிடம்.

இரவில் செடிக்கு ஏர்கோன். வீட்டில் ஏர்கோன் இருந்தது ஒரே அறையில். அதில் செடி. தம்பதிகள் கூடத்தில், காத்தாடிக்கு அடியில். மத்தியானம் வேருக்கு ஐஸ். ஐஸ் கச்சாங் விற்கிறவரிடம் சொல்லி வைத்து, சீவிய ஐஸை ஒரு பெரிய கோப்பை நிறைய வாங்கி வந்து தொட்டியில் கொட்டுவார். ஒரு நாள் அந்த மனிதர் பழக்கத்தில் சிவப்புச் சீரப்பையும் ஊற்றிக் கொடுத்துவிட்டார். அண்ணன் கவனிக்காமல் கொட்டிவிட்டார். அன்று இரவு அந்த ஏர்கோன் அறைக்கு ஜெலுத்தோங்கின் எறும்புகள் எல்லாம் சுற்றுலா வந்தன.

ஞாயிற்றுக்கிழமை நிஜ மலை. கொடிமலை ரயிலில் ஏற்றி, உச்சியில் உட்கார வைத்துவிட்டு வருவது. துணைக்கு நான். ஒரு எழுத்தாளன் தன் ஞாயிற்றுக்கிழமையை ஒரு செடியோடு கழிப்பதில் என்ன அவமானம் என்று முதலில் நினைத்தேன். வரிசையில் நின்றபோது தெரிந்தது. டிக்கெட் முகப்பில் லிப்ட் அண்ணன், "ரெண்டு பெரியவங்க, ஒரு சின்னது" என்றார். உள்ளே இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், செடிக்கு டிக்கெட் வேணாம்."

"ஏன்? அது உக்காந்து வருதே?"

"மடியில வைச்சிக்குங்க, அங்கிள்."

இந்த அவமரியாதையை அவரால் பொறுக்க முடியவில்லை. ரயில் செங்குத்தாக ஏறும்போது எல்லோருக்கும் காது அடைத்தது. அவர் எச்சில் விழுங்கிக் காதைச் சரிசெய்துகொண்டு, தொட்டியின் பக்கம் குனிந்து கவலையோடு பார்த்தார். "இதுக்கு அடைச்சா எப்படித் தம்பி சொல்லும்?" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் எங்களைப் படம் எடுத்தார்கள். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், ஏதோ ஒரு வீட்டுப் படத்தில், ஒரு செடிக்கு இருபக்கமும் அசடு வழிய உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆண்களில் நானும் ஒருவன்.

வளர்ப்பது ஒரு பக்கம். பயன்படுத்துவது இன்னொரு பக்கம். உதிர்ந்த இலையைக்கூட அவர் வீணாக்க மாட்டார். தலையணைக்கு அடியில் வைத்தார். நல்லெண்ணெயில் காய்ச்சி என் முட்டியில் தேய்த்தார். முட்டி வலி போகவில்லை, முட்டியில் ஒரு கோயில் வாசனை வந்தது. காய்ந்த இலையைக் கொளுத்தினால் கொசு ஓடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு மாலையில் தகர டப்பாவில் போட்டு லிப்ட் வாசலில் கொளுத்தினார். கொசு ஓடியதா தெரியாது. தீ எச்சரிக்கை மணி அடித்தது. இருபது மாடி மனிதர்களும் ஓடினார்கள். தீ நேரத்தில் லிப்டில் ஏறக்கூடாதல்லவா? பத்தொன்பதாம் மாடியிலிருந்து கிழவர்கள் கிழவிகள் எல்லாம் படியில் இறங்கி, மூச்சு வாங்க, அவரைச் சுற்றி நின்றார்கள். நானும் நின்றேன், மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. பெண்டாட்டியை மேலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

லிப்ட் அண்ணன் பெருமையோடு சுற்றிக் காட்டினார்: "பாருங்க. ஒரு கொசு இருக்கா?"

மறுநாள் கட்டட நிர்வாகக் குழு வாட்சாப்பில் அறிவிப்பு: இனி லிப்டில் குழந்தை வண்டியில் குழந்தைகள் மட்டுமே அனுமதி.

அவர் அசரவில்லை. செடிக்கு ஒரு தொப்பி வாங்கினார்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது வீட்டுக்கு வீடு வந்து அழைத்தார். "நாளைக்குக் காலையில வாங்க. பூத்திருச்சு." சூரியகாந்தியின் பங்காளியல்லவா? நாங்கள் எல்லோரும் குளித்துவிட்டுப் போனோம். தொட்டி ஸ்டூலின் மேல் இருந்தது. சுற்றிவந்து பார்த்தோம்.

"பூ எங்கணே?"

"இதோ."

"எதோ?"

"இதோ தம்பி, இந்தக் காம்புல, தூசி மாதிரி."

தூசி மாதிரி அல்ல, தூசியேதான். கடுகில் பாதி அளவில், பழுப்பா மஞ்சளா என்று தானே முடிவு செய்யாத ஏதோ ஒன்று கொத்துக் கொத்தாகத் தொங்கியது. நெருங்கிப் பார்க்கலாமென்று மூக்கை நீட்டினேன். அதன் பிறகு மதியம்வரை தும்மினேன். பின்னால் வந்தவர்களும் தும்மினார்கள். அக்கா வடை பரிமாறிக்கொண்டே, "தள்ளுவண்டிக்கு, ஏர்கோனுக்கு, ஐஸுக்கு, எல்லாத்துக்கும் சேர்த்துப் பூத்திருக்கு, பாருங்க" என்றார்.

லிப்ட் அண்ணனுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "மாலையில சொருகுறது இலையத்தானே? இலை ஜோரா இருக்கு" என்றார்.

ஆனால் இலை ஜோராக இல்லை. பூத்த கையோடு நுனி வாடியது. அவர் ஐஸைக் கூட்டினார். இன்னும் வாடியது. இன்னும் கூட்டினார். ஒரு காலை தண்டைத் தொட்டார். தண்டு கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் அழுகிச் சேறாகிக் கிடந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

அவர் கோப்பிக் கடையில் வந்து உட்கார்ந்தார். இரண்டாவது லிப்ட் பயங்கரமாகக் கிறீச்சிட்டது, எனக்கே கேட்டது. அவர் தலையைத் திருப்பவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"அண்ணே, கேமரனுக்குப் போய் இன்னொண்ணு எடுத்துட்டு வருவோம். நான் கார் ஓட்டுறேன்."

"ரெண்டு வாரத்துல வளர்த்தேன்னு சொல்ல முடியுமா தம்பி? அது வாங்குனது." கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "அவ கல்யாணத்துக்கு நான் செய்யுறேன்னு சொன்னது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் அவளே பண்ணிக்கிட்டா. மண்டபம், சாப்பாடு, புடவை எல்லாம் போன்லயே. என்னைக் கேக்க வேண்டிய அவசியமே வரல."

நான் பத்திரிகையில் வாரம் தவறாமல் வாய் திறக்கிறவன். அன்று அவர் கோப்பிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன்.

அந்த இரண்டாவது லிப்ட் அதே நாளில் நின்றது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், உள்ளே நான். மணியை அடித்தேன். கம்பெனி ஆள் வர நேரமாகும் என்றார்கள். கடைசியில் லிப்ட் அண்ணன்தான் வந்தார். நாலாம் மாடிக் கதவை எதையோ வைத்துத் திறந்து, மேலிருந்து கையை நீட்டி, ஒரு மூட்டையைப் போல என்னை இழுத்து வெளியே போட்டார். நான் நடைபாதையில் நான்கு கால்களில் கிடந்தபடி நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"ஷ்ஷ்."

"என்னாணே? மூணாவது லிப்டா?"

"இல்ல. மோந்து பாரு."

கற்பூரம், காய்ந்த புல், கொஞ்சம் கசப்பு. அவர் மூக்கு முன்னே போக, அவர் பின்னே போக, நான் முட்டியைத் தடவிக்கொண்டு கடைசியில் போனேன். நாலாம் மாடி ஆன்ட்டியின் வாசலில், அழுக்குத் துடைப்பமும் வாளியும் வைக்கிற மூலையில், நான்கு பழைய பெயின்ட் டின்கள். டின்களில் இடமில்லாமல் வெளியே வழிந்து, கம்பியில் ஏறி, பக்கத்து வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது மாசிப்பச்சை. காடு!

ஆன்ட்டி வெளியே வந்தார். லிப்ட் அண்ணன் மலாயில் திக்கித் திக்கிக் கேட்டார்: "இது... எங்க வாங்குனீங்க?"

"வாங்குனதா? உன் சம்பாதான்! நீ லிப்டுல உடைச்சி உடைச்சிப் போட்டியே. நல்ல இலை, எதுக்கு வீசணும்னு குத்தி வைச்சேன்."

அதற்குச் சீனத்தில் ஒரு பெயர் சொன்னார். என் வாயில் நுழையவில்லை. இலையில் சோற்றைப் பொதிந்து அவிக்கிற சோங் பண்டிகைக்கு வாசலில் கட்டித் தொங்கவிடுவாராம். பேரனுக்குச் சளி பிடித்தால் இலையைக் கொதிக்கவைத்துக் குளிப்பாட்டுவாராம். கால் வலிக்கு அதைக் காய வைத்துச் சூடு காட்டுவாராம்.

"என்னா ஊத்துறீங்க?"

"மோப் கழுவுன தண்ணி."

"ஐஸ்?"

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கோ பார்த்தேன்.

"வெயிலு? இந்தப் பக்கம் மத்தியானம் சுடுமே?"

"சுடும். அதுவும் செடிதானே, தாங்கட்டும்."

வேண்டிய மட்டும் வெட்டிக்கொள்ளச் சொன்னார் ஆன்ட்டி. கத்தரிக்கோலைக்கூட எடுத்து வந்து கொடுத்தார். லிப்ட் அண்ணன் அதை வாங்கவில்லை. நன்றி சொல்லி, தலை குனிந்து, வீட்டுக்கு வந்துவிட்டார். கூடத்தில் உட்கார்ந்து கஸ்தூரியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"நான் வளர்த்தேன்னு எப்படிம்மா சொல்றது? வளர்த்தது அவங்க. நான் கொன்னவன்."

கஸ்தூரி ஏதோ யோசித்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன், சிரித்தாள்.

"அப்பா, அது உங்க செடிதான்லா. அதை மலையிலேருந்து தூக்கிட்டு வந்தது நீங்க. தினமும் நாலாம் மாடி வரைக்கும் கொண்டுபோய் விட்டது நீங்க. உங்க கையிலேயே இருந்திருந்தா செத்திருக்கும், அவ்வளவுதான்."

அக்கா சமையலறையிலிருந்து, "நல்லாச் சொன்னடி!" என்றார்.

லிப்ட் அண்ணன் எழுந்து சட்டை மாற்றிக்கொண்டு நாலாம் மாடிக்குப் போனார், அழைப்பிதழும் வெற்றிலைத் தட்டும் எடுத்துக்கொண்டு. சொந்த அண்ணனுக்குக்கூட அவர் வாட்சாப்பில்தான் அனுப்பியிருந்தார்.

கல்யாணத்தன்று காலையில் ஆன்ட்டி தன் கையால் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தார். பூக்கட்டும் பெண் அதைப் பார்த்து, "இது எந்த மலையிலேருந்து?" என்று கேட்டாள். "ஜெலுத்தோங் மலை" என்றார் லிப்ட் அண்ணன். ஆன்ட்டி சிவப்பு உடை உடுத்தி, முதல் வரிசையில், சம்பந்திகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். மாலை மாற்றும்போது கஸ்தூரி தலையைக் குனிந்து, மாலையை மூக்கருகே இழுத்து, ஒருமுறை ஆழமாக முகர்ந்தாள். அப்பாவைத் தேடினாள். அவர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மண்டபத்தின் கூரையை மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். அதே நேரத்தில் மாப்பிள்ளை தும்மினார். கெட்டிமேளமே ஒரு நொடி தயங்கியது. அடுத்தடுத்து அவர் தும்மிய தும்மலில் அட்சதை நாலு பக்கமும் சிதறியது. ஆன்ட்டி பைக்குள்ளிருந்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார்.

மாலையில் பெண்ணும் மாப்பிள்ளையும் சுங்கை பாக்காப்புக்குப் புறப்பட்டார்கள். லிப்ட் அண்ணன் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து, "தம்பி, ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தார். அவர் நீளமாக ஏதோ தயார் செய்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். முந்தின நாள் பூராவும் உதட்டை அசைத்துக்கொண்டே திரிந்தார். மாப்பிள்ளை பவ்யமாகக் காத்திருந்தார். அண்ணன் கஸ்தூரியைப் பார்த்தார். அவள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, மாப்பிள்ளையின் மாமாவுக்குக் காரைப் பின்னால் எடுக்க வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல தம்பி. பாத்துப் போங்க" என்றார்.

கார் திரும்பி மறைந்தது. அக்கா சொந்தக்காரர்களோடு வேனில் போய்விட்டார். அண்ணன் என்னிடம், "நடக்கலாமா?" என்றார். தூரம் அதிகம், என் முட்டியைப் பற்றியும் உங்களுக்குத் தெரியும். நடந்தோம். கஸ்தூரி முதன்முதலாகச் சைக்கிள் ஓட்டியது, பள்ளியில் யாரையோ அடித்துவிட்டு வந்தது, கார் லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு முறை தவறியது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நடுநடுவே எனக்குச் சொல்ல ஜோராக நாலைந்து நகைச்சுவை தோன்றியது. வீடு வந்து சேரும்வரை ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை.